பலகையில் கட்டிய விரல்

ஆம்பூர்த் தோல்ஷாப்பில் ஈரத்தோலைப் பலகைமேல் இழுத்து ஆணியடித்துக் காயவைப்பது ஆதிகேசவனின் வேலை. சுருக்கம் என்று ஒன்றைக் கண்டால் அவனுக்குக் கை அரிக்கும். 1982 சித்திரை வெயிலில், வேலூர் ஆஸ்பத்திரி பெஞ்சில் அவன் உட்கார்ந்திருக்க, மஞ்சள் பைக்குள் இருந்த சின்னப் பலகையை அந்தக் கை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது.

பக்கத்தில் மனைவி ஜெயம்மாள். ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிறவள். போன வருஷம் கத்தி வழுக்கி, வலது ஆட்காட்டி விரலை மடக்கும் தசைநாண் அறுந்துபோனது. தைத்துப் பார்த்தார்கள், தழும்போடு ஒட்டிக்கொண்டது. டாக்டர் தேவகிருபை மறுபடி திறந்து, நாண் இருந்த இடத்தில் வழவழப்பான ரப்பர் குச்சி ஒன்றை வைத்து மூடினார். குச்சியைச் சுற்றி உடம்பே ஒரு குழாய் கட்டிக்கொள்ளும், சில மாதம் போனால் குச்சியை உருவிவிட்டு, காலிலிருந்து எடுத்த நாணை அந்தக் குழாய்க்குள் ஓட்டலாம் என்றார். அதுவரை மற்றக் கையால் விரலை மெதுவாக மடக்கி நீட்டினால் போதும்.

ஆதிகேசவனுக்கு அது போதவில்லை. தழும்பு இழுத்து விரல் சற்றே வளைந்து நின்றது.

"ஈரத்தோல மடிச்சி வுட்டா மடிப்பாவே காஞ்சிடும் ஜெயா. இதுவும் தோலுதானே."

அவளும் தோலோடு பழகியவள். தலையாட்டிவிட்டாள். கட்டைத் துண்டை இழைத்து, மேலே மெத்தென்ற தோல் ஒட்டி, விரலை நேராக இழுத்து வாரால் கட்டினான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது. ஒரே வாரத்தில் விரல் சிவந்து வீங்கி, தொட்டால் சுட்டது.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் விரலைத் திருப்பிப் பார்த்தார். வார் பதிந்த கோடுகள் அப்படியே இருந்தன.

"யார் கட்டினது?"

"நாந்தாம்மா" என்றாள் ஜெயம்மாள், சட்டென்று.

ஆதிகேசவன் மஞ்சள் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். மகா வீரன், மாட்டுத்தோலையே இழுத்து நிமிர்த்துகிறவன்.

டாக்டர் வீக்கத்தை அழுத்திப் பார்த்துவிட்டு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். "சீழ் இல்ல. குச்சியும் நகரல. அசைக்காம வெச்சா வீக்கம் வத்திடும். ஆனா உன்னைத்தான் நம்ப முடியல. இது ரப்பர், தாங்கிச்சு. அடுத்து வைக்கப்போறது உன் கால் நாண். இப்படி ஒருதரம் இழுத்தா அறுந்துபோகும். அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"இனிமே கட்ட மாட்டேம்மா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. வீக்கம் வத்தினதும் குச்சியை எடுத்துடலாம். அடுத்த ஆப்பரேஷன் வேணாம், விரல் இப்படியே இருக்கட்டும்."

ஜெயம்மாள் தலை குனிந்தாள். மடங்காத விரலோடு கத்தி பிடிக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் புருஷனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பார்க்காததுதான் அவனைச் சுட்டது.

பையிலிருந்து பலகையை எடுத்து மேசைமேல் வைத்தான். "நாந்தான் கட்டனேன், டாக்டரம்மா. அவ மேல தப்பு இல்ல. என்னைத் திட்டுங்க. அவளுக்கு ஆப்பரேசன் பண்ணிடுங்க."

டாக்டர் பலகையைப் புரட்டிப் பார்த்தார். ஓரங்களை எவ்வளவு பொறுமையாக இழைத்திருந்தான் என்பது தெரிந்தது.

"அடுத்த ஆப்பரேஷனுக்கப்புறம் விரலை மடக்கியே மாவுக்கட்டு போடுவேன். வாரக்கணக்கா வளைஞ்சே இருக்கும். பார்த்துக்கிட்டு சும்மா இருப்பியா?"

"இருப்பேம்மா."

டாக்டர் பலகையை இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

கால் நாணை வைக்கும் ஆப்பரேஷன் ஆடியில் நடந்தது. அதன்பிறகு அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. கட்டுக்குள் வளைந்து கிடந்த விரலைப் பார்க்கும்போதெல்லாம் கை தானாக எழும். எழுந்த கையை மற்றக் கையால் பிடித்துக்கொள்வான். ஜெயம்மாள் மாவுக்கட்டை முந்தானையால் மூடிக்கொண்டு, "போ மாமா, போய் தோல இழு" என்பாள்.

கட்டுப் பிரிக்கும் நாள் வந்தது. பயிற்சி கொடுக்கும் கிரேஸி சிஸ்டர் அவள் கையை மேசைமேல் வைத்தார். ஆதிகேசவன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றான்.

"மெதுவா, நீயே மடக்கு."

விரல் அசையவில்லை. ஜெயம்மாளின் நெற்றி வியர்த்தது. அறுந்துவிட்டதோ என்று அவன் சுவரைவிட்டு ஓரடி முன்னால் வந்தான்.

"அவசரமில்ல. இன்னொரு தரம்."

விரல் நுனி நடுங்கியது. பிறகு யாரும் தொடாமல், உள்ளங்கைப் பக்கமாக ஒரு நெல்லளவு மடங்கியது. ஜெயம்மாள் மூச்சு விட்டாள்.

சிஸ்டர் அவனைத் திரும்பிப் பார்த்தார். "போகப் போக நல்லா மடங்கும். கத்தி பிடிக்கலாம். ஆனா முழுசா நேராகாதுப்பா. கொஞ்சம் வளைஞ்சேதான் நிக்கும்."

ஒரு சுருக்கத்தையும் விட்டுவைக்காத ஆதிகேசவன், முதுகுக்குப் பின்னால் கட்டிய கையை அவிழ்க்காமலே அழுதான்.

"இருக்கட்டும் சிஸ்டர்" என்றான். "வளைஞ்சே இருக்கட்டும்."