ஐந்து மேலே

இளவேனில் தப்பான இடத்தில் கூப்பிடுகிறாள் என்பது எனக்கு நான்கு ஐம்பதுக்கே தெரிந்துவிட்டது.

பசிபிக்கில் ஆள் குடியில்லாத ஒரு தீவு. ஆறு பேர் படகில் போய், ஜெனரேட்டர் வைத்து, பத்து நாளாக ரேடியோவில் உட்கார்ந்திருந்தார்கள். அன்று கடைசி நாள். ஆறு மணிக்குக் கிளம்புகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் கணக்கில் அந்தத் தீவும் ஒரு தனி நாடு; அது மறுபடி அலையில் வர இருபது வருடம் ஆகலாம். தூரத்து நாடுகளைப் பிடித்து எண்ணிக்கொண்டிருக்கும் ஹாம் ரேடியோக்காரனுக்கு அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டாம்.

நான் பொன்மலையில், அக்கா வீட்டுக்காரரின் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். இரவு ஷிப்ட் வேலையை விட்டு எட்டு மாதம். என் ஆன்டெனா, மாடித் தொட்டியிலிருந்து கொல்லைச் சுவர் வரை இழுத்த ஒரு கம்பி. இளவேனிலுக்கு ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரைப் பக்கம், நாலாவது மாடி. போன வருடம் சுழலும் ஆன்டெனா ஏற்றினாள். இருவரும் ஒரே நாளில் லைசென்ஸ் பரீட்சை எழுதியவர்கள். அவள் பிடித்தது இருநூற்றுப் பதினொரு நாடுகள், நான் நூற்று எண்பத்தாறு. அவள் எண்ணிக்கை ஏறும்போதெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் கைதட்டும் பொம்மை போட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட மனசார இல்லை.

உலகமே கூப்பிடும் இடத்தில் ஓர் ஒழுங்கு உண்டு. தீவுக்காரன் ஓர் அலைவரிசையில் பேசுவான். நம்மை ஐந்து கிலோஹெர்ட்ஸ் மேலே தள்ளிக் கேட்பான். ரேடியோவில் ‘ஸ்ப்ளிட்’ பொத்தானை அழுத்தினால் நம் குரல் மேலே போகும், காது கீழே இருக்கும். அழுத்த மறந்தால் நம் குரல் நேராக அவன் மேலேயே விழும். அவனுக்கு நாம் கேட்க மாட்டோம். நம் ஊர்க்காரர்களுக்கு அவன் கேட்க மாட்டான்.

இளவேனில் மறந்திருந்தாள். பத்து கிலோமீட்டர் தூரம். அவள் வாயைத் திறந்தால் என் ஸ்பீக்கர் அதிர்ந்தது. தீவு அப்படியே மூழ்கியது. பதில் வராத கோபத்தில் லைசென்ஸில் கொடுத்த தன் அழைப்புக்குறியை ஒரு தடவைக்கு மூன்று தடவை சொன்னாள். அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை.

எவனோ “மேலே போ, மேலே போ” என்று ஆங்கிலத்தில் கத்தினான். இன்னொருவன் கெட்ட வார்த்தை சொன்னான். அவள் நகரவில்லை. அந்தத் திட்டு அடுத்தவனுக்கு என்றுதான் ஹாம்காரர்கள் எல்லோருமே நினைப்போம்.

அலையில் கத்தித் திருத்தக் கூடாது. அது கூச்சலைத்தான் கூட்டும். தெரிந்தவர் என்றால் போன் போட்டுச் சொல்ல வேண்டும். இது எனக்குத் தெரியும். அவள் நம்பரும் தெரியும்.

சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். பொத்தானை அழுத்துவாள், ஒரே கூப்பிடலில் தீவு விழும், இருநூற்றுப் பன்னிரண்டு. நான் கம்பியோடு உட்கார்ந்திருப்பேன். ஆறு மணி வரை அவள் இப்படியே கத்தட்டும் என்று நினைத்தேன். அவள் குரலுக்கு இடையில் கிடைத்த சந்துகளில் தீவைக் கேட்டேன், மேலே போய்க் கூப்பிட்டேன், காது கொடுத்தேன். காதில் இளவேனில்தான் இருந்தாள்.

ஐந்து நாற்பதுக்கு அவள் சத்தம் சட்டென்று நின்றது. தீவு கண்ணாடி மாதிரி கேட்டது. அடுத்த நிமிடம் தீவுக்காரன் அவள் அழைப்புக்குறியைச் சொல்லி, “ஃபைவ் நைன்” என்றான்; நன்றாகக் கேட்கிறது என்று அர்த்தம், பதிலுக்கு அவளும் அதையே சொன்னால் தீவு கணக்கில் ஏறிவிடும். ஒரே கூப்பிடல்.

அதன் பிறகு தொண்டை கிழியக் கூப்பிட்டேன். ஐந்து ஐம்பத்தைந்துக்கு அவர்கள் நன்றி சொல்லி மூடிவிட்டார்கள்.

போன் அடித்தது. ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, வையம்பட்டியிலிருந்து சின்னையன். முருங்கை விவசாயி, எங்கள் குழுவிலேயே சின்ன ரேடியோ அவருடையது.

“தம்பி, ஏன் பதில் சொல்லாம விட்டீங்க?”

“எதுக்குண்ணே?”

“தீவுக்காரன் உங்கள ரெண்டு வாட்டி கூப்பிட்டானே! ஃபைவ் நைன் வேற குடுத்தான். நீங்க வாயே தொறக்கல. சரின்னுட்டு ஜப்பான்காரனுக்குப் போயிட்டான்.”

“எனக்குக் கேக்கலண்ணே. இளவேனில் அவன் மேலேயே ஏறி நின்னுச்சு.”

“அந்தப் புள்ள சத்தம் எனக்கு இங்க கொசு மாதிரிதான் கேட்டுச்சு. யாருன்னு புடிபடவே அரை மணி நேரம். நான்தான் போன் போட்டு பட்டனைப் பாரும்மான்னேன். உங்களுக்கு நல்லாவே கேட்டிருக்குமே, சொல்லியிருக்கலாமே?”

“மோட்டார் ஓடுது, அப்புறம் பேசுறேண்ணே” என்று வைத்தேன். எந்த மோட்டாரும் ஓடவில்லை.

இளவேனிலே கூப்பிட்டாள்.

“அஜித், சாரிடா. ஸ்ப்ளிட் போடாம ஒரு மணி நேரம் கத்தியிருக்கேன். லூசு மாதிரி. உனக்குக் கிடைச்சுதா?”

“இல்ல.”

“ஐயோ. நான்தான் கெடுத்தேனா? நான் உனக்குக் கேட்டேனா?”

கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். பத்து கிலோமீட்டரில் அந்தப் பொய் எடுபடாது.

“கேட்ட. ஆரம்பத்துலேர்ந்தே.”

“அப்ப ஏன் சொல்லல?”

“சொன்னா உனக்கு உடனே கிடைச்சிருக்கும்.”

அவள் பக்கம் பிரஷர் குக்கர் விசில் அடித்தது. யாரோ அடுப்பை அணைத்தார்கள்.

“கிடைச்சா என்னடா? வேலை முடிஞ்சுதுன்னு ரேடியோவ ஆஃப் பண்ணிட்டு எழுந்திருப்பேன். உனக்கு முழுசா ஒரு மணி நேரம் காலியா இருந்திருக்கும்.”

இதை நான் யோசிக்கவில்லை. ஒரு மணி நேரம் வேறு எதையும் யோசிக்காமல் உட்கார்ந்திருந்தேன், இதை மட்டும் யோசிக்கவில்லை.

“வை. உன்கூட இப்ப பேச முடியாது” என்றாள்.

வைத்துவிட்டேன். குழுவில் அவளுக்கு வாழ்த்துகள் வர ஆரம்பித்திருந்தன. ஒவ்வொன்றையும் படித்தேன். கைதட்டும் பொம்மை போடவில்லை.