நாலு மைக்ரான் கோபம்

அளவு அறை இன்ஜினியர் ஒரு பாகத்தைத் தள்ளினால் தள்ளியதுதான். தலைமுடியில் இருபதில் ஒரு பங்கு பிசகினாலும் விடமாட்டாள். இயந்திரப் பகுதி சூப்பர்வைசர் அவளுடைய கணவன்தான். அதனால் அவனுக்குச் சலுகை உண்டென்று நினைப்பவர்கள் அவனையே கேட்டுப் பார்க்கலாம். பாவம், கதைகதையாகச் சொல்வான்.

அன்று காலை இயந்திரப் பகுதியிலிருந்து வந்த பம்பு உறைகளின் துளைகளை அளக்க உட்கார்ந்தாள். குளிரூட்டிய அறை, மேஜையில் பாகங்கள் வரிசையாக ஆறிக்கொண்டிருந்தன. சரியான அளவுள்ள மாதிரி வளையத்துக்குள், துளை அளக்கும் கேஜை விட்டு, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தபோது கணவனிடமிருந்து போன்.

"ஞாயித்துக்கிழமை அக்கா குடும்பத்தோட வர்றாங்களாம். சரின்னு சொல்லிட்டேன்."

"சொல்லிட்டீங்களா? என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

"நேர்ல சொன்னா நீ கத்துவேன்னுதான் போன்ல சொல்றேன்."

போன் தோளில், கேஜ் உள்ளங்கைக்குள். போன தடவை நாத்தனார் வந்து சமையலறையைத் தலைகீழாக மாற்றி அடுக்கியதில் தொடங்கி, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்த பிறகுதான் அளக்கத் தொடங்கினாள். முதல் துளை நாலு மைக்ரான் சின்னது. அடுத்ததும் அப்படியே. எடுத்ததெல்லாம் அப்படியே. மொத்த லாட்டையும் தள்ளி, சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டாள்.

கணவன் ஓடிவந்தான். "என் மேல கோபம்னா என்னைத் திட்டு. பம்பு என்ன பாவம் பண்ணுச்சு?"

"கேஜுக்கு உங்க அக்காவைத் தெரியாதுங்க."

அவன் வாயை அடைப்பதற்காகவே மதியம் மறுபடி அளந்தாள். எல்லாத் துளைகளும் கச்சிதமாக இருந்தன. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சந்தேகம் வந்து, கேஜைச் சற்றுநேரம் கையில் இறுக்கிப் பிடித்திருந்துவிட்டு அளந்தாள். துளை மறுபடி சின்னதாகத் தெரிந்தது. உள்ளங்கைச் சூட்டில் கேஜ் நீண்டிருக்கிறது!

அறையில் வேறு யாருமில்லை. சத்தமில்லாமல் சீட்டுகளைக் கிழித்துவிடலாம். ஆனால் மனசு கேட்கவில்லை. நேராக இயந்திரப் பகுதிக்கு நடந்தாள்.

"லாட் சரியாத்தான் இருக்கு. தப்பு என்னோடது. கேஜை ரொம்ப நேரம் கையில பிடிச்சிருந்தேன், சூட்டுல நீண்டுருச்சு."

கணவன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை, அவ்வளவு பூரிப்பு. "மேடம் கோபப்பட்டா இரும்பே தாங்கலையாம். வீட்ல நான் எப்படித் தாங்குறேன்னு இப்பவாவது புரியுதாப்பா?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

சிரிப்புச் சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். நடந்ததைச் சொன்னாள்.

"அவ்வளவு நேரம் ஏம்மா கையில வச்சிருந்தீங்க?"

"போன் வந்துச்சு சார்."

"வேலை நேரத்துல யாரும்மா உங்களுக்குப் போன் பண்றது?"

அவள் மெதுவாகக் கணவன் பக்கம் திரும்பினாள். சூப்பர்வைசரோ, காலையிலிருந்து ஓடாமல் நிற்கும் இயந்திரத்தில் ஏதோ சத்தம் கேட்கிறதென்று அவசரமாகப் போய்க்கொண்டிருந்தான்.