சைலன்சர் எந்தப் பக்கம்

நஜ்மா வாயைத் திறந்தாலே அனுவுக்கு வயிறு எரியும். இருவரும் செங்கல்பட்டில் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. இணையத்தில் யார் கண்ணுக்கும் படும்படி கிடக்கும் படங்களையும் வீடியோக்களையும் வரைபடங்களையும் வைத்தே எது நிஜம், எது புரளி என்று துப்புத் துலக்கும் பயிற்சி அந்த வருடம் புதிதாக வந்தது. முதலில் பெயர் கொடுத்தவள் அனு. அவளைப் பார்த்துத்தான் நஜ்மாவும் சேர்ந்தாள். சேர்ந்த சில நாட்களிலேயே, ஒரு டீக்கடைப் படத்தில் நிழல் விழுந்த திசையை வைத்து அது எந்தத் தெரு என்று சொல்லிவிட்டாள். அதிலிருந்து பயிற்சி தரும் மோகன் சார் எதைக் கேட்டாலும் நஜ்மாவைப் பார்த்தே கேட்டார். போதாததற்கு இருவரையும் ஜோடியாக வேறு போட்டார்.

ஒரு வியாழக்கிழமை, பெரிய அலை படகுகளைப் புரட்டிப் போடும் வீடியோ ஒன்று, நெம்மேலியில் நடந்ததாக எல்லா குரூப்பிலும் சுற்றியது. நெம்மேலி அனுவின் ஊர். அவள் அப்பாவின் படகு கரையில் பத்திரமாகத்தான் இருந்தது. அப்படியானால் அது எந்த ஊர் என்று மறுநாள் வந்து சொல்லச் சொன்னார் மோகன் சார். நன்றாகச் செய்கிறவருக்கு நாவலூர் நிறுவனம் ஒன்றில் இன்டர்ன்ஷிப்.

நஜ்மா செயற்கைக்கோள் படங்களில் தேடி, செய்யூர்ப் பக்கம், வீடியோவில் தெரிந்த மாதிரியே ஒரு சவுக்குத் தோப்பையும் கொட்டகையையும் கண்டுபிடித்தாள். கரையின் வளைவும் ஒத்துப்போனது. அனு மறுப்புச் சொல்லவில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் வீடியோவை மறுபடி ஓடவிட்டபோதுதான், மணலில் நின்ற பைக்கைக் கவனித்தாள். சைலன்சர் இடது பக்கம் இருந்தது. அப்பாவின் பைக்கில் அது வலது பக்கம். ஊரில் எல்லார் பைக்கிலும் அப்படித்தான். யாரோ வீடியோவை இடம் வலமாக மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். படகில் வெறும் கிறுக்கலாகத் தெரிந்தது, தெலுங்கு எழுத்தாக மாறியது. செய்யூரும் இல்லை, தமிழ்நாடே இல்லை.

நஜ்மாவுக்குச் சொல்ல மெசேஜ் அடித்தாள். அனுப்பாமல் அழித்தாள். சற்று நேரத்தில் நஜ்மாவே கூப்பிட்டாள்.

"வேற எதுனா பாக்கணுமா அனு?"

"ஒண்ணும் வாணாம். நீ சொன்னா கரெக்டாத்தான் இருக்கும்."

மறுநாள் நஜ்மா செய்யூர் என்று விளக்கி முடித்ததும், வேறொரு ஜோடியில் இருந்த ரோஹித் எழுந்து வீடியோவைத் திருப்பிக் காட்டினான். வகுப்பு சலசலத்தது. நஜ்மாவின் முகம் சுருங்குவதைப் பார்க்க அனு காத்திருந்தாள்.

"தப்பு என்னுது சார்," என்றாள் நஜ்மா. "திருப்பிப் பாக்கணும்னு எனக்குத் தோணல. அனு என்னைய நம்பி வுட்டுட்டா."

தப்பை உடனே ஒத்துக்கொள்கிறவர்கள்தான் இந்த வேலைக்கு வேண்டும் என்றார் மோகன் சார். எப்படி ஏமாந்தாள் என்று ஜூனியர்களுக்கு அவளே வந்து சொல்ல வேண்டுமாம். எல்லாரும் கைதட்டினார்கள்.

தோற்றதற்கும் கைதட்டலா? அனுவால் தாங்க முடியவில்லை.

"நான் நேத்தே பாத்துட்டேன் சார். சைலன்சரு லெஃப்ட்ல கீது. தெலுங்கு எழுத்தையும் பாத்தேன்."

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஆசைப்பட்டதும் அதற்குத்தான்.

"அப்ப ஏம்மா சொல்லல?" என்றார் மோகன் சார்.

அனு கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"நேத்து போன்ல கேட்டேனே," என்றாள் நஜ்மா.

இன்டர்ன்ஷிப் ரோஹித்துக்குப் போனது. நஜ்மா ஜோடியை மாற்றித் தரச் சொல்லி, அதே வகுப்பில் இருந்த சங்கவியோடு சேர்ந்துகொண்டாள். அனுவோடு சேர ஒருவரும் முன்வராததால், அடுத்த பயிற்சியை அவள் தனியாகவே செய்தாள். ஒரு தீ விபத்துப் படம் எந்த ஊரில் எடுத்தது என்று எல்லாருக்கும் முன்பே கண்டுபிடித்தாள். சரியாகவும் இருந்தது. மோகன் சார் மனம்விட்டுப் பாராட்டினார்.

அனு உடனே நஜ்மாவைத்தான் பார்த்தாள். ஒரு துளி எரிச்சலாவது தெரியாதா என்று தேடினாள். நஜ்மா மற்றவர்களோடு சேர்ந்து, மற்றவர்கள் தட்டிய அளவுக்கே கைதட்டிவிட்டுச் சங்கவியிடம் ஏதோ கேட்கத் திரும்பிக்கொண்டாள். அனுவுக்குப் பாராட்டு கசந்தது.