பழைய மேலதிகாரி, புதுக் கம்பெனி

போன வருஷம் வரைக்கும் கம்பெனிக்காரர்களை வாசலில் காக்க வைத்த ஜெனரல், ஓய்வு பெற்றதும் அதே கம்பெனிக்காரராக என் மாப்பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். குண்டு துளைக்காத சட்டை செய்கிற கம்பெனி. அந்தச் சட்டையைச் சுட்டுப் பார்த்து, ராணுவம் வாங்கலாமா வேண்டாமா என்று சொல்கிற வேலை என் மாப்பிள்ளைக்கு. கர்னல். அவருக்கும் ஓய்வு நெருங்கிவிட்டது. வாங்கினால் அதை மாட்டிக்கொண்டு எல்லையில் நிற்கப் போகிறவர்களில் என் மகனும் ஒருத்தன், சாதாரணச் சிப்பாய். ஜெனரல் எதற்கு வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாதா?

அவர் உள்ளே நுழைந்ததும் மாப்பிள்ளை விறைப்பாக எழுந்து நின்றார். சொந்த வீட்டில், பனியனோடு. நான் எழுந்திருக்கவில்லை.

"உக்காருப்பா. நான் இப்ப உன் அதிகாரி இல்ல."

"சரி சார்." உட்காரத்தான் இல்லை.

"நல்ல சட்டைப்பா. நானே பாத்தேன்."

"சரி சார்."

"ஓய்வுக்கு அப்புறம் என்ன, செடிக்குத் தண்ணி ஊத்தப் போறியா? என் பக்கத்து ரூம் காலியாத்தான் கிடக்கு. கார், டிரைவர் எல்லாம் உண்டு."

"சரி சார்."

மகளைக் கொடுத்த இடம், வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும். முடியவில்லை.

"மாப்ளே, அதைப் போடப் போறது உங்க மச்சான்."

"பெரியவரே, நாங்க பேசிக்கிட்டிருக்கோம்ல?" என்றார் ஜெனரல்.

"பேசுறது நீங்க மட்டுந்தாங்க. அவரு ஆமாஞ்சாமி போட்டுக்கிட்டு நிக்கிறாரு."

"அப்பா!" அடுப்படியிலிருந்து மகள் அதட்டினாள்.

ஜெனரல் சிரித்துக்கொண்டே காபியை எடுத்தார். "அப்ப திங்கக்கிழமை பாஸ் பண்ணிடு."

"சரி சார்... ஆனா அது நேத்தே முடிஞ்சிருச்சு சார். சுட்டுப் பாத்தோம். விலாப் பக்கம் தாங்கல. வேண்டாம்னு எழுதி மேல அனுப்பிட்டேன்."

காபி பாதி வழியில் நின்றது.

"அப்புறம் எதுக்குய்யா இவ்ளோ நேரம் சரி சார் சரி சார்னு நின்னே?"

"பழக்கம் சார். நீங்க பழக்கினதுதான்."

"எழுதி அனுப்பினதைத் திருப்பி வாங்கிடு."

"முடியாது சார்."

மாப்பிள்ளை வாயிலிருந்து அந்தச் சொல்லை ஜெனரல் அதுவரை கேட்டதே இல்லை போலிருக்கிறது. டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கதவு சாத்தியதும் கேட்டேன்: "ஏன் மாப்ளே, நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? உசிரு போயி உசிரு வந்துச்சு."

"ஆபீஸ் விஷயம் மாமா. வீட்ல பேசக் கூடாது."

உம்மணாமூஞ்சி. ஆனாலும் நெஞ்சு லேசாகிவிட்டது. மகனுக்கு இனி என்ன சட்டை என்று விசாரித்தேன்.

"பழசுதான் மாமா. தாங்கும். ஆனா செம கனம். உங்க பையன் என்னைத்தான் திட்டுவான்."

"நல்லாத் திட்டட்டும்," என்றேன். "வாராவாரம் போன் போட்டே திட்டட்டும்."