நகத்து மாத்திரை

கருவாட்டுக் குழம்பில் உப்பு இல்லை என்று கன்னையன் சொன்னபோது முத்துப்பேச்சி சிரித்துவிட்டாள். நெத்திலியை மூன்று தண்ணீர் அலசியும் கரிப்பு போகவில்லை என்று, கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் இன்னொரு தக்காளியை நறுக்கிப் போட்டிருந்தாள். அவன் கேலி பண்ணுகிறான் என்று நினைத்தாள். ஆனால் அவன் தட்டைச் சற்றுத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். குழம்பில் உள்ள குறை கண்ணுக்குத் தட்டுப்படும் என்று நினைத்தவன்போல இருந்தது.

"உப்பு போட மறந்துட்டியா புள்ள?"

"கருவாட்டுக்கு எவ தனியா உப்பு போடுவா?"

"இல்ல, மண்ணத் தின்ன மாதிரி இருக்கு. நேத்தும் இப்படித்தான் இருந்துச்சு. சரி, சொன்னா மூஞ்சியத் தூக்குவியேன்னு விட்டுட்டேன்."

உப்பு டப்பாவை இழுத்து இரண்டு சிட்டிகை போட்டுப் பிசைந்தான். வாயில் வைத்தான். மூன்றாவது சிட்டிகைக்கு அவன் கை போனபோது முத்துப்பேச்சிக்குச் சிரிப்பு நின்றுபோனது. அவன் கால் நகத்துக்கு மாத்திரை எழுதிய டாக்டரம்மா சொன்னது காதுக்குள் கேட்டது.

கன்னையன் போடிமெட்டுக்கு மேலே உள்ள எஸ்டேட்டில் ஏலச்செடிக்கு மருந்தடிக்கிறவன். விடிய ஜீப்பில் ஏறும்போது மாட்டுகிற ரப்பர் பூட்சை, சாயங்காலம் போடிக்கு வந்து இறங்கித்தான் கழற்றுவான். மழைக்காலத்தில் பூட்சைக் கவிழ்த்தால் அரை டம்ளர் தண்ணீர் கொட்டும். அதற்குள்ளேயே ஊறி ஊறி இரண்டு கட்டைவிரல் நகமும் மஞ்சளாகத் தடித்து, பழைய சுவரின் காரை மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தன. மெடிக்கலில் கேட்டு வாங்கிய களிம்பும் நாலு நாள் மாத்திரையும் ஒன்றுக்கும் ஆகவில்லை. கடைசியில், ஞாயிறுதோறும் மதுரையிலிருந்து வந்து போகும் தோல் டாக்டரம்மாவிடம் முத்துப்பேச்சிதான் இழுத்துக்கொண்டு போனாள்.

அந்தம்மா நகத்தைச் சுரண்டிச் சோதனைக்கு அனுப்பி, ரத்தமும் எடுக்கச் சொல்லி, எல்லாம் பார்த்த பிறகுதான் சீட்டு எழுதினார். தினம் ஒரு மாத்திரை, பன்னிரண்டு வாரம். நகம் மெதுவாகத்தான் வளரும், பாதியில் விடக்கூடாது, வேறு எந்த மாத்திரை சாப்பிடுவதானாலும் கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும் என்றார். பிறகு மூக்குக்கண்ணாடியை இறக்கி கன்னையனைப் பார்த்தார்.

"குடிப்பீங்களா?"

"அசதிக்குக் கொஞ்சம்..."

"இந்த மாத்திரை முடியிற வரைக்கும் ஒரு சொட்டு ஆகாது. ரெண்டும் ஈரலைத்தான் போய்ப் பிடிக்கும். பசி இல்ல, வாந்தி வருது, கண்ணு மஞ்சளாகுது, நாக்குல ருசி தெரியலன்னா மாத்திரைய நிறுத்திட்டு நேரா இங்க வரணும். தானாச் சரியாப்போகும்னு இருக்கக் கூடாது."

கன்னையனின் அண்ணன் வயிறு வீங்கி, கண் மஞ்சளாகிச் செத்தவர். ஈரல் என்ற சொல்லைக் கேட்டதும் கன்னையனுக்கு முகம் வெளுத்தது. இருபத்திரண்டு வருஷமாகப் பெண்டாட்டி அழுதும் திட்டியும் நடக்காத காரியம், ஒரு சொத்தை நகத்தால் அன்றைக்கே நடந்தது.

அவன் பெண்டாட்டியை அடிக்கிற குடிகாரன் இல்லை. ஜீப்பிலிருந்து இறங்கியதும் நேராகக் கடைக்குப் போவான், எட்டு எட்டரைக்கு வருவான், சாப்பிட்டும் சாப்பிடாமலும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவில் ஒரு புருஷனே காணாமல் போயிருந்தான் என்பது, இந்த ஏழு வாரத்தில்தான் முத்துப்பேச்சிக்குத் தெரிந்தது. அவள் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கிவிட்டு வீடு திரும்பும்போது அவன் குளித்துவிட்டு உட்கார்ந்திருப்பான். காட்டுமாடு தேயிலைக்குள் இறங்கிய கதை, சூப்பர்வைசர் வழுக்கி விழுந்த கதை என்று பேசுவான். அவளோடு சேர்ந்து சீரியல் பார்ப்பான். "அந்த மாமியாக்காரி சொல்றதுல என்ன தப்பு?" என்று சண்டைக்கு வருவான். அரிசி டின்னை இடம் மாற்றி வைத்து அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான். படுக்கையில் இந்தப் பக்கம் திரும்பினான். வாயில் நாற்றம் இல்லை. நாற்பத்து நாலு வயதில் இதெல்லாம் என்ன என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. கடையில் கூட இருப்பவர்கள், "என்னக்கா, மினுமினுன்னு இருக்க?" என்று கேட்டபோது, "காய்த் தூசி" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள்.

மாத்திரை அட்டை அவள் பொறுப்பில் இருந்தது. தினமும் சோற்றுக்குப் பிறகு அவள்தான் ஒன்றைப் பிதுக்கி அவன் உள்ளங்கையில் வைப்பாள். ருசி போய்விட்டது என்று இப்போது டாக்டரம்மாவிடம் சொன்னால் மாத்திரை நிற்கும். மாத்திரை நின்றால், ஜீப்பிலிருந்து இறங்குகிற கால் எந்தப் பக்கம் திரும்பும்? இன்னும் ஐந்து வாரம் பாக்கி இருந்தது. அன்றைக்கும் அவள் மாத்திரையைப் பிதுக்கிக் கொடுத்தாள். அவன் போட்டுக்கொண்டான்.

மறுநாளிலிருந்து அவனுக்குத் தனிக் குழம்பு. புளியும் மிளகாயும் இரண்டு மடங்கு போட்டாள். உப்பும் அள்ளிப் போட்டாள். "ஆமா, இன்னிக்கு லேசா உறைக்குது" என்றான், அவள் மனம் நோகாமல் இருப்பதற்காக. பாதித் தட்டோடு எழுந்தான். லுங்கியை முன்னைவிட இறுக்கிக் கட்டினான். அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். தினமும் காலையில் அவன் கண்ணின் வெள்ளையை, தூசி விழுந்திருக்கிறது என்று சொல்லி விரித்துப் பார்த்தாள். மஞ்சள் இல்லை. ஆறாவது வார ரத்தச் சோதனைகூட நன்றாகத்தானே இருந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இப்படி ஒன்பது நாள் போனது.

சனிக்கிழமை சாயங்காலம் மலைச்சாமி வாசலுக்கு வந்து நின்றான். கன்னையன் மருந்து அடிக்க, பின்னால் ஹோஸ் இழுக்கிறவன் அவன்தான். கன்னையனுக்கு மாப்ளே முறை. குடிக்கும் கூட்டாளியும் அவனே. கன்னையன் குளித்துக்கொண்டிருந்தான்.

"தங்கச்சி, மாப்ளைக்கு என்ன ஆச்சு? மதியத்துக்கு மேல காத்து திரும்பிருச்சு. நான் கத்துறேன், காதுலயே விழல. மூஞ்சிக்கு நேரா மருந்து அடிக்குது, அப்படியே நின்னு அடிச்சுக்கிட்டு இருக்கான்."

"மூஞ்சில துண்டு கட்டலையா?"

"கட்டிருந்தான். துண்டெல்லாம் நனைஞ்சு போச்சு. உதட்டுல கசப்பு பட்டதும் அவனவன் பொடணியக் காட்டித் திரும்பிருவான். எங்களுக்கு அதான கணக்கு. இவனப் போய் இழுத்தா, 'கசக்கலையேடா'ங்கிறான். நாக்கு செத்துப்போச்சா அவனுக்கு? குடிய விட்டதுல மூளையும் கலங்கிருச்சோ என்னவோ, போ."

மலைச்சாமி சிரித்துக்கொண்டே போய்விட்டான். காற்று திரும்புவதை அந்த மலையில் யாரும் கொடி கட்டிப் பார்ப்பதில்லை. உதடுதான் சொல்லும். அந்த உதட்டையும் நாக்கையும் பிடுங்கி வைத்துக்கொண்டு முத்துப்பேச்சி ஒன்பது நாளாக அவனை மேலே அனுப்பியிருக்கிறாள்.

அன்று ராத்திரி கன்னையன் சாப்பிட்டு முடித்துக் கையை நீட்டினான். அவள் மாத்திரை கொடுக்கவில்லை.

"மறந்துட்டியா?"

"வேணாம். நாளைக்கு டாக்டரம்மாவப் பாத்துட்டுப் போட்டுக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் டோக்கன். டாக்டரம்மா கேட்பதற்கு முன்பே முத்துப்பேச்சி சொன்னாள். ருசி தெரியாதது, சோறு குறைந்தது, மருந்துக்கு எதிரே நின்றது, எல்லாம். எத்தனை நாளாக என்று கேட்டபோது, "ஒம்போது நாளாச்சு. எனக்கு அன்னிக்கே தெரியும். நாந்தான் சொல்லல" என்றாள். கன்னையன் அவள் பக்கம் திரும்பினான்.

"நிறுத்திட்டு வாங்கன்னு சொன்னது எதுக்கு?" டாக்டரம்மா குரலை உயர்த்தவில்லை. அதுவே வலித்தது. அவன் கண்ணை விரித்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். அடியிலிருந்து கால்வாசிக்கு மேல் புது நகம் சுத்தமாக ஏறியிருந்தது. "மாத்திரை இதோட போதும். நகம் வளர வளரப் பார்ப்போம். ருசி திரும்ப வரும், ஆனா நாளாகும், மாசக்கணக்காக் கூட ஆகலாம். அது வர்ற வரைக்கும் மருந்தடிக்கிற வேலைக்குப் போகாதீங்க, வேற வேலை கேளுங்க. இப்ப ரத்தம் குடுத்துட்டுப் போங்க. நாளைக்கு ரிசல்ட் பாத்துட்டு போன்ல சொல்ற வரைக்கும் குடி கூடாது."

"அதுக்கப்புறம்?" என்று முத்துப்பேச்சி கேட்டாள்.

"அதுக்கப்புறம் நான் மாத்திரை குடுக்கலையேம்மா. அவரத்தான் கேக்கணும்."

ரத்தம் கொடுத்துவிட்டு, முழங்கை மடிப்பில் பஞ்சை இடுக்கிக்கொண்டு கன்னையன் வெளியே வந்தான். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இரண்டு டீ சொன்னான்.

"ஏன் சொல்லல?"

"மாத்திரை நின்னா பழையபடி போயிருவீங்கன்னுதான்."

அவன் டீக்கடை பாய்லரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கும் தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"ருசி போச்சுன்னா வாங்கன்னு அந்தம்மா எங்கிட்டயும்தான சொல்லுச்சு. நானும் சொல்லல." பஞ்சை ஒருமுறை அழுத்திக்கொண்டான். "மாத்திரை சாப்புடுறேன்னு சொன்னா ஒரு பய கட்டாயப்படுத்த மாட்டேங்கிறான் புள்ள. மலைச்சாமிகூட, 'ஈரலு மாப்ளே, பாத்துக்க'ன்னுட்டு ஒதுங்கிக்கிறான். நாளைக்கு நான் என்னத்தச் சொல்றது?"

ஒன்பது நாளும் ஒரே பொய்யை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறோம் என்று நினைத்தபோது அழுகை வரவேண்டியது, சிரிப்புதான் வந்தது. அவனுக்கும் வந்தது. டீக்கடைக்காரர் இருவரையும் பார்த்துவிட்டுக் கிளாசுகளை வைத்தார்.

கன்னையன் கிளாசை எடுத்தான், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"நீ குடிச்சிட்டுச் சொல்லு, எப்படி இருக்கு?"

அவள் ஒரு வாய் உறிஞ்சினாள். "சீனி தூக்கலு. இஞ்சி தட்டிப் போட்டுருக்காரு. தொண்டையில நிக்குது."

அவன் தலையாட்டிவிட்டு ஒரு வாய் குடித்தான். தொண்டையில் நிற்கிறதா என்று கொஞ்சம் பொறுத்துப் பார்த்தான். அப்போது அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. டாஸ்மாக் திறக்க அரை மணி இருக்கையில், ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்கு யார் கூப்பிடுவார்கள் என்று இருவருக்கும் தெரியும். ஒரு கை பஞ்சோடு மடங்கியிருந்தது, இன்னொரு கையில் டீ இருந்தது. மெல்லிய சட்டைத் துணி வழியாகப் போனின் வெளிச்சம் நெஞ்சில் விட்டுவிட்டு மின்னியது. அவன் அடுத்த வாய்க்குக் கிளாசை ஊதிக்கொண்டிருந்தான். அவள் அவனுக்காக இன்னொரு வாய் குடித்துப் பார்த்தாள்.