இடக்கைக்கு ஒரு கேமரா

ராணியின் வலது கை தோளிலிருந்து விரல்வரை வீங்கியிருந்தது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைசிகிச்சை முடிந்த சில மாதங்களில் தொடங்கிய வீக்கம். அதற்காகவே அவள் தலைச்சோலையிலிருந்து பஸ் ஏறி வாரந்தோறும் ஏற்காட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். அங்கே ஒரு சிறிய மருத்துவமனையில் ஷெர்லின் பிசியோதெரபிஸ்ட்டாக இருந்தாள். கையை மெல்ல நீவிவிட்டு, துணிப்பட்டையை அடுக்கடுக்காகச் சுற்றிக் கட்டுவாள். கட்டி முடிக்கும்வரை ராணியின் கண்கள் எதிர்ச் சுவரிலேயே இருக்கும். ஷெர்லின் ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்த பறவைப் படங்கள் அங்கே மாட்டியிருந்தன.

“இதெல்லாம் எந்த ஸ்கூல்ல படிச்சுக் கத்துக்கிட்ட கண்ணு?” என்று ஒருநாள் ராணி கேட்டாள்.

“ஸ்கூல் எல்லாம் இல்லக்கா. எடுத்து எடுத்துப் பழகினதுதான்.”

“அப்ப நானும் பழகலாமா?”

“தாராளமா.”

அடுத்த வாரம், ராணி மருந்து வாங்கும் வரிசையில் நின்றபோது அவள் கணவன் தனபால் தயங்கித் தயங்கி ஷெர்லினின் அறைக்குள் வந்தான். காப்பியும் மிளகும் போட்ட சின்னத் தோட்டம்தான் அவர்களுடைய பிழைப்பு. குழந்தை இல்லை.

“ஏனுங்க அம்மிணி, ஒரு ஒத்தாசை. ராணி கேமரா வேணும்னு கேக்கறா. எனக்கு அதப் பத்தி ஒண்ணுந் தெரியாதுங்க. எது வாங்கறதுன்னு நீங்கதான் சொல்லோணும்.”

ஷெர்லினுக்கு மகிழ்ச்சி. “வாங்குங்கண்ணா. கைக்கும் பயிற்சியாச்சு. ஆரம்பத்துல கஷ்டமா இருக்கும், பழகப் பழக…”

“பழகறதுக்கு நாளு இருக்குதான்னு தெரியலீங்க.”

அவன் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான். சேலத்தில் எடுத்த ஸ்கேனில் நோய் ஈரலுக்குப் பரவியிருப்பது தெரிந்திருந்தது. இனி வலிக்கு மட்டும்தான் மருந்து என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“அவகிட்ட நான் சொல்லலீங்க. கேமரா கேமரான்னு சந்தோசமா இருக்கறா. அதக் கெடுக்க வேண்டாம். நல்லதா, பெருசா ஒண்ணு பாத்துச் சொல்லுங்க.”

ஷெர்லின் தலையாட்டினாள். அவன் போன பிறகு அடுத்த நோயாளியைக் கூப்பிட மறந்து நின்றிருந்தாள்.

மறுவாரம் தன்னுடைய பழைய கேமராவையும் தோழி ஒருத்தியிடம் இரவல் வாங்கிய சின்னக் கேமராவையும் கொண்டுவந்தாள். மூவரும் மருத்துவமனைக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பழைய கேமராவை ராணியின் கழுத்தில் மாட்டிவிட்டாள் ஷெர்லின். ராணி அதை முகத்துக்கு நேரே தூக்கினாள். பட்டன் வலப்பக்கம் இருந்தது. வீங்கிய கை பாதி உயரத்திலேயே நடுங்கி இறங்கியது. இன்னொரு முறை தூக்கினாள். இறங்கியது.

“எல்லாக் கேமராலயும் பட்டன் இந்தப் பக்கந்தானா கண்ணு?”

“ஆமாக்கா.” இத்தனை வருடம் படம் எடுத்தும் இதை ஒரு நாளும் ஷெர்லின் யோசித்ததில்லை. சமாளிப்பதற்காக, கேமரா வாங்க யோசனை கேட்டு வருகிற எல்லோரிடமும் சொல்வதையே சொல்லத் தொடங்கினாள். “முதல் கேமரான்னா லென்ஸ் கழட்டி மாட்டறதா வாங்கறது நல்லது. இப்போதைக்குச் சின்ன லென்ஸ் போதும். பின்னாடி நீங்க நல்லாப் பழகினதும்…”



தனபால் அவசரமாகக் குறுக்கே வந்தான். “அதேதான் புள்ள. கையி சரியான பொறவு பெரிய லென்ஸ் வாங்கிப் போட்டுக்கலாம். இதையே வாங்கிருவோம்.”

ராணி கேமராவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

“பொறவு வாங்கறதெல்லாம் வேண்டாம் கண்ணு. இப்பவே எடுக்கறாப்புல ஒண்ணு சொல்லு.”

“என்ன பேச்சுப் பேசற நீ?” என்றான் தனபால்.

“சேலத்துல டாக்டரு உங்கள மட்டும் உள்ள கூப்புட்டப்பவே தெரியும் மாமா. வெளிய வந்து எனக்கு ஆப்பிள் வாங்கிக் குடுத்தீங்க. கல்யாணம் ஆனதுலருந்து என்னைக்காச்சும் ஆப்பிள் வாங்கியிருக்கறீங்களா?”

தனபால் இரண்டு கைகளாலும் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். ராணி நல்ல கையை அவன் முதுகில் வைத்தாள். எழுந்து போய்விடலாமா என்று ஷெர்லினுக்குத் தோன்றியது.

“நீ இரு,” என்றாள் ராணி. “நீதான சொல்லித் தரோணும்.”

ஷெர்லின் பழைய கேமராவை ராணியின் மடியிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தாள். “என்ன படம் எடுக்கணும்னு நெனைக்கறீங்கக்கா? அத வச்சுத்தான் எந்தக் கேமரான்னு சொல்ல முடியும்.”

“இவரத்தான்.”

தனபால் நிமிர்ந்தான்.

“ஃபோனத் தூக்குனாப் போதும், போலீசு வேலைக்குப் போறவராட்டம் வெறச்சுக்கிட்டு நிக்கறாரு. படுத்துக் கெடக்கறப்ப பாக்கறதுக்கு அந்த மூஞ்சி எனக்கு வேண்டாம். களத்துல காப்பி காய வைக்கறப்ப, நாய்க்குச் சோறு வைக்கறப்ப ஒரு மூஞ்சி இருக்குது. அது வேணும்.”

இரவல் கேமராவை ஷெர்லின் எடுத்தாள். லென்ஸைக் கழற்ற முடியாது. தூரத்தில் இருப்பதை இழுத்துப் பார்க்க லென்ஸின் இடப்பக்கத்திலேயே ஒரு விசை இருந்தது. திரையை மேல்நோக்கி மடக்கிக்கொள்ளலாம். கழுத்துப் பட்டையில் நெஞ்சருகே தொங்கவிட்டு, குனிந்து திரையைப் பார்த்து, இடது கைக் கட்டைவிரலால் திரையைத் தொட்டால் போதும், படம் விழும். வலது கை வேண்டியதே இல்லை. ராணி பெஞ்சுக்கு எதிரே நின்ற வேலிச்செடியைத் தொட்டு எடுத்தாள். பிறகு தனபாலின் செருப்பை எடுத்தாள். சிரித்தாள்.

அதே மாதிரிக் கேமரா ஒன்றை சேலத்திலிருந்து வாங்கி வந்தார்கள்.

முதலில் எடுத்தவற்றில் பாதி ஆடிப்போயிருந்தன. சிலவற்றில் தனபாலுக்குத் தலை இல்லை. ஒவ்வொரு வாரமும் கட்டுப் போடும் நேரத்தில் ராணி இடது கையால் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டுவாள். வெயிலைப் பார்த்து எடுத்தால் ஆள் ஏன் கறுத்துப்போகிறார் என்று கேட்பாள். சொல்லிக் கொடுத்ததை அடுத்த வாரமே செய்துகாட்டுவாள்.

காப்பிப் பழம் பறிப்பு தொடங்கிய சமயத்தில் அவள் வருவது நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஷெர்லின் ஸ்கூட்டரில் தலைச்சோலைக்குப் போனாள். வாசல் கதவு திறந்திருக்க, வெளியே தெரியும்படி கட்டிலைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். ராணியின் கண்கள் மஞ்சளாகியிருந்தன. வயிறு உப்பியிருந்தது. கேமரா தலையணை ஓரத்தில் கிடந்தது.

“நொம்ப நேரம் புடிக்க முடியல கண்ணு. ரெண்டு எடுத்தாக் கை ஓஞ்சு போகுது.”

“உங்கள நான் ஒண்ணு எடுக்கட்டுமாக்கா?”

“வேண்டாஞ் சாமி. இதெல்லாம் நானில்ல.” பிறகு, மெல்ல, “ஆஸ்பத்திரிக்குப் போகலீன்னு சொல்லிட்டேன். இந்த ஊட்டுலயே இருந்துக்கறேன். இவரு ஒண்ணும் சொல்லல,” என்றாள்.

அடுப்படியில் தனபால் கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. ஷெர்லின் வீங்கிய கைக்குப் புதுக் கட்டுப் போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

பொங்கல் முடிந்த வாரம் ராணி இறந்தாள். செய்தி வந்தபோது ஷெர்லின் வேலையில் இருந்தாள். போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது.

சில வாரங்கள் கழித்து தனபால் மருத்துவமனைக்கு வந்தான். துணிப்பையிலிருந்து கேமராவை எடுத்து மேசைமேல் வைத்தான்.

“இது எந்திரிக்க மாட்டேங்குதுங்க அம்மிணி. கெட்டுப்போச்சாட்ட இருக்குது.”

பேட்டரிதான் இறங்கியிருந்தது. சார்ஜ் ஏறும்வரை அவன் ராணி உட்காரும் ஸ்டூலில் காத்திருந்தான். பிறகு ஷெர்லின் திரையை அவன் பக்கம் திருப்பி, விரலால் எப்படித் தள்ளுவது என்று காட்டினாள்.

நிறையப் படங்கள். மிளகுக் கொடியில் ஏணி சாய்க்கிற தனபால். களத்தில் குத்தவைத்துக் காப்பியைத் துழாவுகிற தனபால். சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டிருக்கிற தனபால். ஒவ்வொன்றையும் அவன் வேறு யாரையோ பார்ப்பதுபோலப் பார்த்தான். ஒரு படத்தில் அவன் விரல் நின்றது. கொல்லைப்புறத்தில், அடுக்கிய விறகில் நெற்றியை முட்டியபடி அவன் நின்றிருந்தான். முகம் பாதிதான் தெரிந்தது. வாய் கோணியிருந்தது.

“அவளுக்குக் கேக்கக் கூடாதுன்னுதான் அங்க போயி அழுவேன்,” என்றான்.

ஷெர்லின் திரையை அவன் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்தாள்.

“இத மட்டும் பெருசாப் போட்டுக் குடுங்க அம்மிணி. சுவத்துல மாட்டோணும்.”

“இதயா? சிரிக்கற மாதிரி வேற இருக்கேண்ணா.”

“இல்லீங்க, இதுதான்.” அவன் படத்தின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினான். “இந்தப் பக்கத்துலருந்து எடுக்கோணும்னா தண்ணித்தொட்டிக்கிட்ட நிக்கோணும். வேற எங்க நின்னாலும் மறைக்கும். கட்டில்லருந்து எந்திரிச்சு அவ்வளவு தூரம் வந்திருக்கறா. அங்க நின்னு என்னையப் பாத்துட்டு, ஒண்ணுஞ் சொல்லாமத் திரும்பிப் போயிருக்கறா.”

விரல் திரையில் பட்டதும் படம் மாறிவிட்டது. பதறி, பழைய படத்துக்கு எப்படிப் போவது என்று கேட்டான். ஷெர்லின் காட்டிவிட்டு, பெரிதாகப் போடுவதற்காக அந்தப் படத்தைத் தன் ஃபோனுக்கு மாற்றிக்கொண்டாள். அவன் மறுபடி ஒருமுறை தானே செய்துபார்த்து, கேமராவைத் துணிப்பைக்குள் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனான்.