இரண்டு வீட்டு அந்துப்பூச்சி

அந்த அந்துப்பூச்சி உலகத்தில் ஒரே ஒரு வீட்டில்தான் இருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கும் ஒருத்தியின் மூன்று அறை வீடு அது. சுண்டுவிரல் நகத்தளவுப் பூச்சி. சாம்பல் நிறச் சிறகு, முன்சிறகின் குறுக்கே வளைந்த வெள்ளைக் கோடு, பின்சிறகின் ஓரத்தில் பஞ்சு விளிம்பு. துணியை அரிக்காது, மாவில் விழாது. வாசற்படிவரை பறந்து வந்து, எதையோ மறந்ததுபோலத் திரும்பிவிடும். குடையை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று போன அவள் கணவர் திரும்பாத வாரத்தில் அது வந்தது. பூச்சி ஆராய்ச்சியாளர் ஒருவர் அதற்குப் பெயர் வைத்து, வாழிடம் என்ற இடத்தில் அவள் வீட்டு விலாசத்தை எழுதிக்கொண்டார். பதினோராம் வருடம் அவரே மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"இன்னொரு வீட்லயும் இருக்காம்மா. ரெண்டு நாள் ரயில். நடுவுல எங்கயும் கிடையாது."

கணவர் அங்கேதான் இருப்பார் என்ற ஒன்றே ஒன்றுதான் அவள் மனதில் ஓடியது. லீவு போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

கதவைத் திறந்தவர் ஒரு பேக்கரிக்காரர். குள்ளம், வழுக்கை, கணவரின் சாயல் மருந்துக்குக்கூட இல்லை. அவள் நீட்டிய கணவரின் போட்டோவைப் பார்த்து அவர் மனைவி உதட்டைப் பிதுக்கினாள். சுவரெல்லாம் அதே வெள்ளைக் கோட்டுப் பூச்சிகள். அவளுக்குத் தண்ணீர் கொடுத்த பேக்கரிக்காரர், "சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுதா? வாஷர் வாங்கி மேல் ஷெல்ஃப்ல வெச்சேனே" என்றார்.

சொன்னவருக்கே தூக்கிவாரிப்போட்டது. "நான் ஏன் இதைச் சொன்னேன்? உங்க ஊருப் பக்கமே வந்ததில்லையேம்மா."

"முப்பது வருஷமா இந்தத் தெருவைத் தாண்டல இவரு" என்றாள் மனைவி, புருஷனை ஒரு மாதிரி பார்த்தபடி.

அது அவள் கணவர் கேட்க வேண்டிய கேள்வி. அழுவதா, சட்டையைப் பிடிப்பதா என்று அவளுக்குப் புரியவில்லை. "எப்ப வருவீங்க?" என்று வாயில் வந்துவிட்டது.

"யாரு, நானா?"

"தெரியல. சும்மா கேட்டேன்."

மூவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். திரும்பும் ரயிலில், வழிநெடுக ஸ்டேஷன் பெயர்ப்பலகைகளில் அந்தப் பூச்சிகள் ஒட்டியிருந்தன. பெட்டிக்குள் வந்த ஒன்றை அடிக்க எதிர் சீட்டுக்காரர் செருப்பைக் கழற்றினார். "விடுங்க, ஒண்ணும் பண்ணாது" என்றாள். அவள் சொல்லக் கேட்டு ஆராய்ச்சியாளர் வாழிடத்தைத் திருத்தினார்: இரண்டு வீடுகள், இடையே உள்ள ரயில்பாதை.

அடுத்த வருடம் பேக்கரிக்காரர் மனைவியோடு வந்தார். எதற்கு வந்தோம் என்று அவர்களுக்கும் தெரியவில்லை, ஏன் வந்தீர்கள் என்று அவளும் கேட்கவில்லை. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, வழி கேட்காமல் நேரே குளியலறைக்குப் போனார்.

துண்டு எடுக்கப் போனவளைப் பார்த்து அவர் மனைவி பெருமூச்சு விட்டாள். "துண்டு எங்க இருக்குன்னும் அவருக்கே தெரியும். நீ வந்து உட்காரு."